மச்சானும் மைசெல்ஃபும்

என் அக்கா வீட்டுக்காரர் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. பதினோராவது மாடி உயரத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு, கீழே எட்டிப் பார்த்துக் கொட்டாவி விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு இங்கிலீஷ் வார்த்தை படுக்கையில் தள்ளப் பார்த்தது. மைசெல்ஃப்.

நானும் மச்சானும் லிஃப்ட் மெக்கானிக்குகள், ஜோடி. நான் மேலே மோட்டார் ரூமில் இருப்பேன், அவர் கூண்டின் மேல் நிற்பார். நான் "கீழே விடு" என்று கத்துவேன். அந்த இருட்டுக் குழாய்க்குள் சத்தம் சுவரில் மோதி மோதிக் கூழாகிவிடும். அதனால் அவர் அதையே "கீழே விடு" என்று திருப்பிக் கத்துவார். அவர் கேட்டது சரிதான் என்று தெரிந்ததும் நான் "சரி" என்பேன். அந்தச் "சரி" காதில் விழுந்த பிறகுதான் அவர் விரல் கூண்டை நகர்த்தும் பொத்தானுக்குப் போகும். விழாவிட்டால் ஆள் சிலைதான். ஒருநாள் எனக்கு அடுக்குத் தும்மல் வந்து, "சரி" வெளியே வர நேரமாகிவிட்டது. அதுவரை மனிதர் மூக்கைக்கூடச் சொறியவில்லை.

மச்சானுக்கு வந்த வினை முழங்கால். ஏணி ஏறினால் அந்த முட்டி துருப்பிடித்த கதவு மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. இனி ஏறினால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நல்ல வேளையாக எங்கள் கம்பெனியிலேயே கன்ட்ரோல் ரூம் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. நாற்காலி, ஹெட்போன், திரை. ஏறி இறங்கும் பேச்சே இல்லை. கிடைத்தால் கால் பிழைக்கும். கிடைக்காவிட்டால் காலா, சோறா என்று முடிவு செய்ய வேண்டியதுதான். ஆனால் லிஃப்டில் மாட்டிக்கொண்டு ஃபோன் பண்ணுகிறவர்கள் இங்கிலீஷில்தான் அலறுகிறார்களாம். அதனால் இன்டர்வியூவும் இங்கிலீஷில்.

ஸ்டோர் கீப்பரின் மருமகனும் அந்த நாற்காலிக்குக் கண் வைத்திருந்தான். கண்ணாடி முன் டை கட்டி ஒத்திகை பார்க்கிறானாம், முடிச்சு போட்டுவிடுவது மாமியாராம். நான் பார்க்கவில்லை. நம்பகமான இடத்திலிருந்து வந்த சேதி.

அக்கா கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். ஃபோனிலேயே ஊறிய இங்கிலீஷ். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே மச்சானுக்குப் பாடம் எடுத்தாள். நான் காபிக்காக உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் அவர் எழுந்து நின்று, "மைசெல்ஃப் லிஃப்ட் மெக்கானிக்" என்றார். அக்கா கரண்டியை வைத்துவிட்டாள். மைசெல்ஃபுக்குத் தனியாக நிற்கக் கால் கிடையாது, முன்னால் ஒரு "ஐ" போனால்தான் பின்னாலேயே வரும், பேர் சொல்லும்போது "ஐ ஆம்" போதும் என்றாள். அவரோ, ஊரே அப்படித்தானே சொல்கிறது என்று முனகினார். ஊர் தப்பாக மாட்டிய பல்பு இது, நீங்களாவது சரியாக மாட்டுங்கள் என்றாள் அவள். அப்படியென்றால் எப்போதுதான் மைசெல்ஃப் வரும் என்று கேட்டார். நாம் செய்கிற காரியம் திரும்பி நம் தலையிலேயே வந்து விழுந்தால் வரும் என்றாள். என்னை நானே வெட்டிக்கொண்டேன், "ஐ கட் மைசெல்ஃப்".

மச்சான் ஒரு விரலை மேலும் கீழும் ஆட்டிக் கணக்குப் போட்டார்.

"அதாவது, கூண்டுல ஏறின ஆளு மேல போய்ட்டு, வேற எங்கயும் இறங்காம, ஏறின மாடிக்கே திரும்பி வந்துட்டா மைசெல்ஃப்."

"அதேதாங்க," என்றாள் அக்கா. அவளுக்கே அது புதிதாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

அடுத்து ஹிம்செல்ஃபில் சண்டை. மைசெல்ஃப் இருக்கிறது, யுவர்செல்ஃப் இருக்கிறது, அவன் மட்டும் என்ன பாவம் செய்தான், ஹிஸ்செல்ஃப் என்று ஏன் கிடையாது என்று நியாயம் கேட்டார். அதை வெள்ளைக்காரனிடம் கேளுங்கள் என்று அக்கா குழாயைத் திருகி மூடினாள். அதற்குப் பிறகு பாடம் வேலையிடத்துக்கும் வந்தது. நான் மேலிருந்து அக்கா எழுதிக் கொடுத்த கேள்வியைக் கத்துவேன். அவர் திருப்பிக் கத்துவார், நான் "சரி" சொல்வேன், அவர் பதில் சொல்வார். இதில்தான் வினை என்று எங்கள் இரண்டு மரமண்டைக்கும் தோன்றவே இல்லை.

இன்டர்வியூ அன்று துணைக்கு நானும் போனேன். உள்ளே ஒரு அம்மா, பக்கத்தில் நரைத்த தலை இன்ஜினியர். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் வெளியே பெஞ்சில். ஒட்டுக்கேட்கவில்லை, தானாகக் காதில் விழுந்தது.

அந்த அம்மா மெல்ல, "இன்ட்ரொட்யூஸ் யுவர்செல்ஃப்" என்றார்.

மச்சான் கட்டடமே அதிர, "இன்ட்ரொட்யூஸ் யுவர்செல்ஃப்" என்றார்.

அந்த அம்மா, இவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னார். இவரும் இன்னொரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு நின்றார். அந்த அம்மா பதிலுக்குக் காத்திருக்கிறார், மச்சான் "சரி"க்குக் காத்திருக்கிறார். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிய கூண்டு மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மா பேனாவை மூடும் சத்தம் கேட்டது. போச்சு, முட்டி போச்சு என்று நினைக்கும்போதே என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"சரி," என்று வெளியிலிருந்தே கத்திவிட்டேன்.

அவ்வளவுதான். மச்சான் பொத்தானை அழுத்திய மாதிரி கிளம்பினார். ஐ ஆம் என்று தொடங்கி, பேர், வேலை, அனுபவம் எல்லாம் மடமடவென்று வந்தது. ஒரு இடத்திலும் மைசெல்ஃப் தலைகாட்டவில்லை. முடித்ததும் இன்ஜினியர், வெளியே யார் என்று கேட்டார். மச்சான் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினார்: அவன் என் ஜோடி. அவன் சொல்வான், நான் திருப்பிச் சொல்வேன், அவன் சரி என்றால்தான் என் கை நகரும். இல்லாவிட்டால், "ஐ வில் ஹர்ட் மைசெல்ஃப். ஆர் ஹி வில் ஹர்ட் ஹிம்செல்ஃப்."

ஹிம்செல்ஃப். ஹிஸ்செல்ஃப் இல்லை. பெஞ்சில் நான் மூச்சை விட்டேன்.

இன்ஜினியர் சிரித்துவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட ஆள் பதற்றத்தில் உளறும்போது, சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்கிற ஆள்தான் ஃபோனில் வேண்டும் என்று அந்த அம்மாவிடம் சொன்னார். டைக்காரன் வழவழவென்று பேசினானாம், ஆனால் ஒரு கேள்வியையும் முழுதாகக் கேட்கவில்லையாம். இதுவும் நம்பகமான இடத்துச் சேதிதான்.

வேலை கிடைத்தது. ஆர்டரை வாங்கிய கையோடு, மாடிப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, மச்சான் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அக்கா வழக்கமான குரலில் வணக்கம் சொன்னாள்.

"மைசெல்ஃப் சூப்பர்வைசர்," என்றார் மச்சான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது கிழி கிழி என்று கிழிக்கப் போகிறாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்து அவள் சொன்னாள்.

"சரி."

மச்சான் அப்புறம்தான் ஃபோனை வைத்தார். லிஃப்டிலேயே கீழே போவோம் மாப்ளே, இன்னிக்காவது கூண்டுக்கு உள்ள நின்னு போய்ப் பார்ப்போம் என்றார்.