மலைக்கு ஒரு லாரி, மணலுக்கு ஒரு லாரி

டீக்கடையில் யாராவது எந்த நாட்டு லாரி நல்ல லாரி என்று தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அங்கேயே இருந்தால் சண்டை வரும். எந்த ரோட்டுக்கு, என்ன பாரத்துக்கு என்று கேட்காமல் நல்ல லாரி, கெட்ட லாரி என்று வாய் வீசுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட பேச்சால் என் தங்கை குடும்பம் சீரழிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தக்கலையில் எங்கள் முதலாளியிடம் இரண்டு லாரிகள் இருந்தன. ஒன்று சீமை லாரி, இங்கிலாந்தில் செய்தது. பெரிய சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. அதை ஓட்டினவன் நான். மற்றது அமெரிக்காக்காரன் செய்த புது லாரி. அதை ஓட்டினவன் என் தங்கை புருஷன். இரண்டு பேரும் கடற்கரைக்காரர்கள். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த ஊர்கள். அங்கே ஆண்பிள்ளை என்றால் கடலுக்குப் போகவேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்த எங்களுக்குக் கரையில் அரை மரியாதைதான். நான் அதைத் துடைத்துப் போட்டுவிட்டேன். அவனால் முடியவில்லை. தன் ஊர் ஜனத்தின் முன்னால் ஒரு நாளாவது நெஞ்சை நிமிர்த்தி நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டான்.

என் லாரியின் சக்கரத்தில் காற்று கிடையாது, சுற்றிலும் கட்டி ரப்பர்தான். திருவனந்தபுரம் போய்த் திரும்பினால் இடுப்பு கழன்றுவிடும். வேகமும் கிடையாது, மாட்டுவண்டிக்காரன் கேலி செய்வான். ஆனால் குலசேகரத்துக்கு மேலே மலையிலிருந்து தடி, அதாவது வெட்டின முழு மரம், ஏற்றி இறக்கத்தில் வரும்போது அதன் அருமை தெரியும். முதல் கியரில் போட்டுவிட்டால், பக்கத்தில் நடக்கிறவன் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு மறுபடி முந்திப் போகலாம். பின்னாலிருந்து எத்தனை பாரம் தள்ளினாலும் வேகம் ஏறாது. அதே வண்டியைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் கல் ரோடு முடிகிற இடத்தில் அதன் கதையும் முடிந்துவிடும். மணலில் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். பிறகு ஓலையையும் பலகையையும் போட்டு ஊரே கூடித் தள்ளவேண்டும்.

அமெரிக்க லாரிக்குக் காற்றடைத்த டயர், லேசான உடம்பு. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் மணலில் வள்ளம் போல வழுக்கிக்கொண்டு போகும். கருவாட்டு மூட்டையைக் கரையிலேயே ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவர அதைப்போல ஒரு வண்டி கிடையாது. நானே ஓட்டிப் பார்த்து மயங்கியிருக்கிறேன். ஆனால் உடம்பு குட்டை. கியர்கள் ஓடுவதற்காகச் செய்தவை, பிடித்து நிறுத்துவதற்காக அல்ல. பிரேக் என்று ஒன்று இருந்தது, சமதரைக்கு அது போதும். நேராக நீண்டு கிடக்கிற ரோடுகளை மனதில் வைத்து அந்த நாட்டில் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அது அந்த வண்டியின் குற்றமா? அதை மலைக்கு அனுப்புகிறவனின் குற்றம்.

என் தங்கை புருஷனின் ஊரில் மாதா கோயிலுக்குப் புதுக் கொடிமரம் நாட்ட முடிவு செய்தார்கள். இந்த நாட்டில் கோயில் எந்தச் சாமிக்கானாலும் கொடிமரத்துக்கு ஒரு முறை உண்டு. வெட்டுகிற மரத்தைக் கயிற்றில் தாங்கி, விழாமல் இறக்கி, நாட்டுகிற இடம் வரைக்கும் தரையில் படாமல் கொண்டுவர வேண்டும். பட்டால் அந்த மரம் வெறும் விறகு. ஊரில் ஒரு கருவாட்டு வியாபாரி மரம் தன் காணிக்கை என்று முன்வந்தார். அரசாங்க அனுமதியோடு மலையில் ஒரு தேக்கும் பார்த்தாகிவிட்டது. இனி அதைக் கொண்டுவர வேண்டும்.

நான் சொன்னது எளிமையான யோசனை. என் லாரி மலையிலிருந்து இறக்கி, கல் ரோடு முடிகிற இடம் வரைக்கும் கொண்டுவரட்டும். அங்கிருந்து தோள் கொடுக்க ஊரில் ஆம்பிளைகள் இல்லையா? வள்ளத்தைத் தூக்கி மேட்டில் வைக்கிற தோள்கள் அவை.

வியாபாரி கேட்கவில்லை. "அது என்னவேய் சவத்தத் தூக்குத மாதிரி! லாரி கோயில் முத்தத்துக்கு வரணும். கொட்டு மேளத்தோட வந்து நிக்கணும். ஒங்க ஊருக்காரனும் பாக்கட்டும்" என்றார்.

"அப்போ தக்கலையில ரெண்டு வண்டியையும் முதுகோட முதுகு சேத்து நிறுத்தி, மரத்த அமெரிக்கா வண்டிக்கு மாத்துவோம்" என்றேன்.

"மாத்தும்போ தரையில பட்டா நீரு பொறுப்பா?"

அவருடைய சரக்கு முழுவதும் எங்கள் லாரிகளில்தான் போய்க்கொண்டிருந்தது. முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு, "புது வண்டி, அமெரிக்காக்காரன் செஞ்சது. மலையெல்லாம் அதுக்குப் பெரிசில்ல" என்றார். அந்த மலையில் ஒரு தடவையாவது வண்டியில் உட்கார்ந்து இறங்கியிருக்கிறாரா அவர்?

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்கே போய் அவனைப் பிடித்தேன். "ஏலே, அந்த எறக்கத்துல ஒனக்க வண்டி நிக்காதுலே. ஒன்ன விட நீளமா தடிக்க வாலு பின்னால தொங்கிட்டுக் கெடக்கும். முன்சக்கரம் தரையில ஒட்டாது. வேண்டாம்னு சொல்லு. ஒனக்க உயிரு போயிரும்."

"எனக்க ஊருக்க மரம் மச்சான். எனக்க வண்டியிலதான் வரும்." சிரித்தான். "ஒமக்கு வயித்தெரிச்சல்."

தங்கை என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவனுக்குச் சோறு போட எழுந்து போனாள்.

மரம் ஏற்றுகிற அன்று ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு நானும் மலைக்குப் போனேன். நான் பயந்தபடியே லாரியின் நீளத்துக்குச் சரிபாதி மரம் பின்னால் வெளியே நீண்டது. முன்பக்கம் தூக்காமல் இருக்க ஆறேழு பேரை எஞ்சின் மூடியின் மேலும் மரத்தின் முன்பகுதியிலும் உட்காரவைத்தார்கள். என்ன புத்தி! மரத்துக்கு மாலை, அதன் மேல் மனிதர்கள், முன்னால் வியாபாரியின் கார். காலை வெயிலில் எல்லாருக்கும் ஒரே குதூகலம்.

இறக்கம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே எனக்குப் பிரேக் கருகுகிற வாசனை வந்தது. முன்னால் அவனுடைய லாரி மெல்ல மெல்ல என்னை விட்டு விலகிக்கொண்டே போனது. ஹாரனை அமுக்கிப் பிடித்தேன். இடது பக்கம் முழுக்க மண்மேடு. வண்டியை அதில் உரசிச் சாய்த்திருந்தால் தகரம் நசுங்கியிருக்கும், வண்டி நின்றிருக்கும். "மேட்டுல ஏத்துலே! மேட்டுல ஏத்து!" என்று கத்தினேன். அவனும் ஒருமுறை அந்தப் பக்கம் ஒடித்தான். உடனே மேலே உட்கார்ந்திருந்தவர்கள் "மரம்! மரம்!" என்று அலறினார்கள். சாய்ந்தால் மரம் தரையில் படுமே! அவன் வண்டியை மறுபடி ரோட்டுக்குத் திருப்பினான்.

அலறினவர்கள் ஒவ்வொருவராகப் புல்லில் குதித்துவிட்டார்கள். அவன் மட்டும் இருந்தான். ஒரு வளைவைத் தாண்டினான். வியாபாரியின் கார் ஓரமாக ஒதுங்கித் தப்பியது. அடுத்த வளைவில் பாறையில் போய் முட்டினான். வண்டி நின்றது, மரம் நிற்கவில்லை. முன்னால் வழுக்கி, அவன் இருக்கையின் முதுகுப் பலகையை உடைத்துக்கொண்டு போய், அவனுடைய வலது காலை எஞ்சினோடு சேர்த்து நசுக்கி நின்றது.

நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவனுக்கு மூச்சு இருந்தது, நினைவு இல்லை. ரத்தம் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. வியாபாரியும் ஓடிவந்தார். வந்தவர் குனிந்து மரத்தின் அடியில் பார்த்தார். ஒரு முனை பாறை மேல், மறு முனை லாரி மேல். "படல்ல! மாதாவே, தரையில படல்ல!" என்று கைகளைக் குவித்தார். அந்த முகத்தில் அப்போது சந்தோஷம் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

"கயித்த அறுங்க. மரத்த உருட்டித் தள்ளுங்க" என்றேன். ஒருத்தனும் அசையவில்லை. பக்கத்து ரப்பர் தோட்டத்து வேலைக்காரர்களைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறதாம். அவர்கள் வந்ததும் எல்லாரும் சேர்ந்து தோள் கொடுத்துத் தூக்குவார்களாம். கோயில் வரைக்கும் தோளிலேயே போவார்களாம். கல் ரோட்டிலிருந்து கோயில் வரைக்கும் கிடைக்காத தோள், மலையிலிருந்து கோயில் வரைக்கும் கிடைத்துவிட்டது!

தடி இழுக்கிற சங்கிலி என் வண்டியில் எப்போதும் கிடக்கும். கயிற்றை நானே அறுத்துவிட்டு, சங்கிலியை மரத்தின் வாலில் மாட்டி, என் வண்டியின் முன்கொக்கியில் கோத்தேன். நாலு பேர் என்னைப் பிடித்தார்கள். எஞ்சின் சுழற்றுகிற இரும்பு என் கையில் இருந்தது. "கிட்ட வந்தா மண்டையப் பொளந்துருவேன்" என்றேன். உண்மையாகவே பிளந்திருப்பேன். விலகினார்கள். அந்தக் கிழட்டுச் சீமை லாரி பின்னுக்கு, மேட்டைப் பார்த்து, உறுமிக்கொண்டே அங்குலம் அங்குலமாக ஏறியது. மரம் அவனை விட்டு வெளியே வந்தது. லாரியின் விளிம்பு தாண்டியதும் உருண்டு ரோட்டில் விழுந்தது.

பெரிய ஆம்பிளைகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இரண்டே பேர் மட்டும் அவனைத் தூக்க என்னோடு கை கொடுத்தார்கள். அவர்களை நான் மறக்கமாட்டேன்.

உயிர் தங்கியது. காலை முட்டுக்கு மேலே எடுத்தார்கள். நான் வேலையை விட்டேன், முதலாளி தடுக்கவும் இல்லை. அடுத்த திருவிழாவுக்கு வேறு மரம் வந்தது. எப்படித் தெரியுமா? கல் ரோடு முடிகிற வரைக்கும் சீமை லாரியில், அங்கிருந்து தோளில். இதைத்தானே நான் சொன்னேன், பாவிகளே! அமெரிக்க லாரி மோசம் என்று கடைகளில் பேசிக்கொண்டார்கள். லாரியா மோசம்?

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அவன் "மரத்த ஏன் கீழ போட்டீரு?" என்றான்.

"ஒனக்க உயிரக் காப்பாத்தத்தாம்லே."

"ஒரு மணிக்கூர் பொறுத்திருந்தா ஆளு வந்திருக்கும். எனக்க மரம் முத்தத்துல நின்னிருக்கும்."

"அதுக்குள்ள ரத்தமெல்லாம் போயி நீ செத்திருப்பலே, மடையா!"

"செத்திருந்தா எனக்க பேரு நின்னிருக்கும். இப்போ ஊருக்குள்ள என்னைய எப்பிடிச் சொல்லுதாவ தெரியுமா? மரத்த விழுத்தினவன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலோடு தூக்கி எறியலாம் போல இருந்தது. கால் இல்லாதவனை என்ன செய்ய? தங்கையைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ போயிரு அண்ணா" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் பல வருஷம் இருந்தான். சந்தையில் நான் எதிரே வந்தால் ஊன்றுகட்டையைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போவான். அப்படித் திரும்பிப் போக அவனுக்கு ஒரு காலாவது இருந்தது என்றால், அது நான் அந்த மரத்தை ரோட்டில் போட்டதால்தான்.