ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் வலது கை மோதிர விரலை நான் நம்புவதில்லை. இதை டைப் செய்யும்போதுகூட அதைத் தள்ளியே வைத்திருக்கிறேன்.

என் மகள் ஹேமா சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். என்ன ஆராய்ச்சி என்று எழுதியதில்லை... எனக்குப் புரிந்தால்தானே? அன்றைக்குத்தான் புரியவைத்தாள். சிலிக்கான் சில்லு ஒன்று. அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் கோடுகள். கம்பிக்குள் கரண்ட் ஓடுவதுபோல அந்தக் கோட்டுக்குள் வெளிச்சம் ஓடும். இவள் கோடுகளை இரண்டு அடுக்காகப் போட்டிருக்கிறாள். கீழே நுழையும் வெளிச்சம் மேல் அடுக்குக்கு ஏற வேண்டும்.

"மாடி இருக்குது, படிக்கட்டு இல்ல. எப்டிமா ஏறும்?" என்றார் என் கணவர். பட்டு நெய்கிறவர், எதையும் இழை பிரித்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"ரெண்டு கோடும் ரொம்பக் கிட்ட வந்தா தானா தாவிடும்பா."

"ஏறலைன்னா?"

"எட்டு மாசம் போச்சு. மத்ததெல்லாம் ஒடைஞ்சிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்."

மறுநாள் பெங்களூரில் ஒரு லேபில் சோதனை. போகிற வழிதானே என்று காஞ்சிபுரத்தில் இறங்கியிருந்தாள். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். சில்லை வைத்திருந்த பெட்டி மேஜைமேல் இருந்தது.

எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் விடமாட்டேன். புதுப் புடவை, புது நோட்டு, ஹெல்மெட், சிம் கார்டு... பெட்டிமேல் 'தொடாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது அடுத்தவர்களுக்குத்தானே? பெற்ற தாய்க்குமா?

திறந்தேன். நகத்தளவு சில்லு, கண்ணாடிபோல மின்னியது. மஞ்சளைக் குழைத்து, ஓரமாகப் பார்த்து, பக்குவமாக...

ஹேமா தலையில் துண்டோடு வந்தாள். பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா... இன்னாம்மா பண்ணி வெச்சிக்கிற?"

"ஓரத்துலதான்டி வெச்சேன். நடுவுல தொடவே இல்ல."

"நடுவுல வெச்சிருந்தாகூட பரவால்லம்மா! மேல கண்ணாடி மூடிக்கினு இருக்குது. வெளிச்சம் உள்ள போற வாசலே அந்த ஓரந்தான்!"

"வாசப்படிக்கு மஞ்சள் வெக்கறதுதானே வழக்கம்," என்றார் கணவர். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்த பார்வையில் தறிக்குப் போய்விட்டார்.

இங்கே துடைத்தால் கீறிவிடும் என்று பெட்டியை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள் ஹேமா. நான் நேராகக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஓடினேன். 'தாயே, என் பெண் போட்ட வெளிச்சம் மாடி ஏறிவிட்டால் உனக்கு மஞ்சள் காப்பு...' என்று சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் மஞ்சளா! சட்டென்று சந்தனக் காப்பு என்று மாற்றினேன். வேண்டுதலைத் திருத்தினால் செல்லுமா? தெரியவில்லை.

வேலூர் தாண்டுவதற்குள் நான்கு தடவை போன் செய்தேன்.

"பஸ்ல உக்காந்துக்கினு எப்டிம்மா டெஸ்ட் பண்றது?" என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நான் வைத்த சாம்பாரில் மஞ்சள் தூள் இல்லை. கை வரவில்லை. கணவர் வெளுத்த சாம்பாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோரை ஊற்றிச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குப் போன் வந்தது.

"ஏறிடுச்சும்மா!"

எப்படி என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். மற்ற அழுக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும் பாடாம். மஞ்சள் மட்டும் புற ஊதா டார்ச் அடித்தால் பளிச்சென்று ஒளிருமாம். ஒளிர்ந்த இடத்தையெல்லாம் ஆல்கஹால் விட்டு ஒவ்வொன்றாகக் கழுவியிருக்கிறார்கள்.

"பாத்தியா? மங்களமான பொருளு, அதான் காட்டிக் குடுத்துது!"

"அம்மா, வெச்சதே நீதான்!"

இந்த வாரம் அதே சில்லைப் புதுப் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருக்கிறாள். பெட்டியின் மூடியில் சின்னதாக ஒரு வட்டம்; உள்ளே 'அம்மா, மஞ்சள் இங்கே' என்று அழகான தமிழில். படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால், வட்டத்தை மூடியின் நட்டநடுவில் அல்லவா போட்டிருக்கிறாள்...

மஞ்சளை ஓரத்தில்தான் வைக்க வேண்டும் என்று இந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?