திங்கட்கிழமை வண்டி

கம்பளியைச் சுருக்கமின்றி இழுத்து விரித்த பிறகே மாதப்பன் பேருந்து வரும் திசையைப் பார்க்கிறார். கம்பளிக்கடியில் வைக்கோல் தடிமனாக இருக்கிறது. கற்பாதையில் வண்டி குலுங்கினாலும் ஆசிரியைக்கு உடம்பு வலிக்கக் கூடாது. வேப்பனப்பள்ளிச் சாலையில் என் வீட்டெதிரே பேருந்து நிற்கும். திங்கள்தோறும் காலையில் அங்கே இந்த வண்டியும் நிற்கும்.

மாதப்பன் கேழ்வரகு பயிரிடுகிறவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். எந்த மொழியிலும் எழுதத் தெரியாது. மலையடியிலுள்ள தம் ஊரின் ஓராசிரியர் பள்ளிக்குக் கூரை வேய்ந்தவர் அவர். பிள்ளைகளின் பகலுணவுக்கு வீடுவீடாகத் தானியம் கேட்டவரும் அவர். ஆசிரியை கிருபாராணிக்குத் தம் வீட்டிலேயே பாதியைத் தடுத்துக் கொடுத்தார். "நாங்க களி திங்கிறவங்க. டீச்சரம்மாவுக்குச் சோறுதான் எறங்கும். குந்தாரப்பள்ளி சந்தையில அரிசி வாங்கியாந்து வெச்சிருக்கனுங்க" என்பார்.

நடத்துநர் அவரைச் சீண்டாமல் போனதில்லை.

"என்னா மாதப்பா, பொண்ணழைக்க வந்தாப்பல வண்டிய சோடிச்சிருக்க!"

"நீ பத்திரமா எறக்கி வுடு சாமி. முன்ன இருந்த வாத்தியாருங்க மாதிரி வழியில தொலைச்சிடாத!"

மாதப்பன் வேடிக்கையாகத்தான் சொல்வார், ஆனால் சிரிக்க மாட்டார். முன்பிருந்த ஆசிரியர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போய், திங்களன்று திரும்பாமலே போனவர்கள். அப்படிப் பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தில் அவருடைய மூத்த மகள் ஆட்டின் பின்னே போனாள். பள்ளி திறந்த பிறகும் வகுப்புக்குத் திரும்பவில்லை. கிருபாராணி இருந்தபோது இளையவள் நஞ்சம்மா மூன்றாம் வகுப்பு.

சென்ற ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, தாயார் நோயுற்றிருக்கிறார் என்று செய்தி வர, கிருபாராணி காவேரிப்பட்டினத்துக்குப் புறப்பட்டார். மாட்டின் காலில் அடிபட்டதுபோல் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது; வண்டி பூட்ட முடியாது என்றார் மாதப்பன். மலைப்பாதை முழுவதும் நடந்து கிருபாராணி சாலைக்கு வந்தபோது கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் தங்கினார். அவருடைய பாதங்களுக்கு என் மனைவி எண்ணெய் தடவினாள். மறுநாள் அவர் ஊர் போய்ச் சேருமுன் தாயார் கண்மூடிவிட்டார்.

அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. வேறோர் ஆசிரியரும் வரவில்லை. நஞ்சம்மாவும் இப்போது ஆடு மேய்க்கிறாள்.

"மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. நாந்தான் துணியச் சுத்துனேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார் மாதப்பன். "அம்மாவுக்கு முடியலன்னு சொல்லிட்டுத்தானுங்க போனவங்க எல்லாரும் போனாங்க. இதும் அப்படித்தான்னு நெனச்சிட்டனுங்க."

இந்தத் திங்களும் பேருந்து வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. நடத்துநர் கேலி பேசவில்லை; முகத்தைத் திருப்பிக்கொண்டு விசில் ஊதினார்.

மாதப்பன் வண்டியில் ஏறாமல் மாட்டின் பக்கம் போனார். "வெறும் வண்டிதானே, ஏறிக்கொள்ளும்" என்றேன்.

"டீச்சரம்மா நடந்து வந்த வழியாச்சுங்களே."

கம்பளியில் படிந்த புழுதியைத் தட்டி, பழையபடி விரித்துவிட்டு, மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்னே அவர் நடக்கத் தொடங்கினார்.