அருள்தாஸின் நீலப் புள்ளி

“பாப்பா பாலாத்துப் பாலம் ஏறிட்சிபா!” என்று அருள்தாஸ் அறிவித்தால்தான் போன மாதம் வரை சாலவாக்கத்து டீக்கடையில் வேதகிரி இரண்டாவது பாலைக் காய்ச்சுவார். பாப்பா என்பது ஒரகடம் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஏஞ்சல். போன் திரையில் நகரும் நீலப் புள்ளிதான் அவள்.

அருள்தாஸ் டிராக்டர் ஓட்டுகிறார். உழும்போதும் ஒரு கண் சேற்றில், ஒரு கண் போனில். புள்ளியைப் பார்த்த கவனத்தில் அடுத்தவர் வரப்பை வெட்டித் தள்ளிய நாளும் உண்டு. “மேப்பு பாத்துக்கினு இருந்தேன்” என்று சொல்லித் தப்பப் பார்த்தார். வயலுக்குள் எதற்கு மேப்பு என்று ஊரே சிரித்தது.

மகளை வெளியூர் வேலைக்கு அனுப்ப அவருக்கு மனமே இல்லை. ஏஞ்சல் அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்தாள், கடைசியில் அவளே வழி சொன்னாள். போன் வழியாக அவள் போகும் இடமெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். அருள்தாஸ் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். “புள்ளி எங்கனா சும்மா நின்னுதுன்னா, மறுநாளே வேலை கட்டு.”

போன மாதம் புள்ளி நின்றுவிட்டது. வாலாஜாபாத் பஸ் நிலையத்துப் பக்கம், நகரவே இல்லை. வழக்கமான டவுன் பஸ் அவள் இல்லாமலே ஊருக்கு வந்தது. போன் அடித்தால் எடுக்கவில்லை. டிராக்டரைப் பாதி உழவில் விட்டுவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். இனி வேலையே கிடையாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாராம்.

மீதியை டீக்கடையில் அவர் வாயாலேயே கேட்டேன். “பஜ்ஜி கடையாண்ட கூட வேலை செய்ற பொண்ணுங்களோட நிக்குது சார். வாய் நெறைய பஜ்ஜி, அப்டி ஒரு சிரிப்பு. வூட்ல அது அப்டி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. கரும்பு ஜூஸ் வண்டி பின்னாடி கொஞ்ச நேரம் நின்னேன். பேசாம திரும்பி வந்துட்டேன்.”

அன்று வீட்டுக்கு வந்ததும் ஏஞ்சல் ஒரு பஜ்ஜிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். “ஜூஸ் வண்டி பின்னாடி நின்னுக்கினு இருந்தியே நைனா, வந்து ஒண்ணு துன்னக் கூடாதா? ஆறிப் போச்சி பாரு.”

அருள்தாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாளே இரண்டு போனையும் ஒன்றுக்கொன்று தெரிகிற மாதிரிதான் அவள் இணைத்து வைத்திருந்தாள். அவரும் அவளுக்கு ஒரு புள்ளி.

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. “ஒயின் ஷாப்பு பக்கமே போறது இல்லன்னு அதுகிட்ட சத்தியம் பண்ணி கீறேன் சார். நான் எத்தினி வாட்டி போனேன்னு எல்லாம் அதுக்குத் தெரியும். ஒரு கேள்வி கேக்கல. நான்தான் வண்டிய எட்த்துக்கினு ஓடுனேன்.” அந்தப் பெண் மேல் எனக்கு அன்று பெரிய மரியாதை வந்தது.

பொட்டலம் கைக்கு வந்த அன்றே, மகளிடம் அவள் புள்ளியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஏஞ்சல் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அவர் தன்னுடையதை நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் இடுப்புத் துண்டில் ஒரு சார்ஜரை முடிந்து வைத்திருக்கிறார். கடைக்கு வந்ததும் முதலில் பிளக் பாயின்ட்டைத்தான் தேடுகிறார்.

நேற்று வேதகிரி சீண்டிப் பார்த்தார். “இன்னா அருளு, ஒயின் ஷாப்பு பக்கம் ஆளையே காணோமாம்? போன இங்க வெச்சிட்டுப் போயிட்டு வாயேன். டீக்கடைலதான் கீறன்னு காட்டும். யாருக்குத் தெரியப் போவுது?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அருள்தாஸும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சார்ஜரிலிருந்து போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.