புது ட்ராமுக்கு ஒரு தேசிக்காய்

எங்கள் வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் சில்லுக்கு அடியில் எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், வைக்காமல் ஓட விடுவதில்லை. கண்ணூறு அதோடு நசிந்து போய்விடும் என்பது என் நம்பிக்கை. அப்படியிருக்க, மகள் ஓட்டப்போவதோ பழைய ட்ராம்களுக்குப் பதிலாக வந்திறங்கிய புத்தம்புது ட்ராம். சும்மா விடுவேனா?

மகள் ட்ராம் டிரைவர். புதியதை ஓட்டத் தெரிவுசெய்யப்பட்ட முதல் ஆட்களில் அவளும் ஒருத்தி. குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை டிப்போவுக்கு அழைத்திருந்தார்கள். லண்டன் தோர்ண்டன் ஹீத் வீட்டிலிருந்து புறப்படும்போது மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஹாண்ட்பாக்கைத் திறவுங்கோ."

"ஏன் பிள்ளை, நானென்ன கள்ளியோ?"

திறந்தேன். திருநீற்றுப் பை, குடை, நாலு தேசிக்காய். நாலையும் எடுத்துக் குசினி மேசையில் வைத்தாள்.

"தண்டவாளத்திலை ஒண்டும் கிடக்கக் கூடாது. சூப்பர்வைசர் கண்டால் என்ரை புது ட்ராம் போச்சு. வைக்கமாட்டன் எண்டு பிள்ளையார் மேலை சத்தியம் பண்ணுங்கோ."

பிள்ளையாரை இழுத்த பிறகு என்ன செய்வது? "நான் வைக்கமாட்டன்" என்று சத்தியம் பண்ணினேன்.

என் கணவருக்கோ ஒரே சிரிப்பு. பஸ்ஸில் வழி முழுக்க நக்கல்தான்.

"இஞ்சாரும், காருக்கு நாலு சில்லு, நாலு தேசிக்காய். ட்ராமுக்கு ஒரு மூட்டையெல்லோ வேணும்? லொறியிலை இறக்குவமோ?"

"சாமி விஷயத்திலை பகிடி விடாதேங்கோ."

பழைய ட்ராமில் முனைப்பக்கத்து இருக்கைகளுக்குப் படி ஏற வேண்டும். என் முழங்கால் ஒவ்வொரு முறையும் முருகா என்னும். டிப்போவில் ஏறிப் பார்த்த புதியதில் வாசலிலிருந்து அந்தம்வரை ஒரே தளம், கோயில் மண்டபம் மாதிரி. மனம் குளிர்ந்து வெளியே வந்து பார்த்தால், சில்லையே காணோம்! தளத்தைத் தாழ்த்தியவர்கள் பக்கத் தகட்டையும் நிலத்தைத் தொடுகிற மாதிரி இறக்கிவிட்டிருந்தார்கள். குனிந்து தேடினேன். ஏதும் விழுந்துவிட்டதா என்று சூப்பர்வைசர் ஓடிவந்து கேட்டார். மகளின் முகம் போன போக்கைப் பார்த்து, "நோ, நோ, வெரி நைஸ்" என்று நிமிர்ந்தேன்.

கடைசியில் ட்ராமைக் கொட்டகைக்குள் விடும் வேலை மகளுக்கு. எல்லோரையும் தரையில் கீறிய மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். அவளும் சூப்பர்வைசரும் ஏறப்போன நேரம், என் கணவர் ட்ராமின் முன்மூலையில் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்ததோ நாடா இல்லாத சப்பாத்து.

நான் கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டேன். ட்ராம் மெல்ல அசைந்தது. சளக்! அந்தச் சத்தம் என் காதுக்கு மட்டும்தான் கேட்டது போல. ட்ராம் உள்ளே போனதும், தண்டவாளப் பள்ளத்தில் ஒட்டிக்கிடந்த பச்சைத் தோலை அவர் கைலேஞ்சியால் வழித்தெடுத்துக் கோட்டுப் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த மகள் நேரே குசினி மேசையைப் பார்த்தாள். தேசிக்காய் மூன்றுதான் இருந்தது.

"அம்மா!"

"நான் வைக்கேல்லை பிள்ளை. சத்தியம் சத்தியம்தான்."

அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். அவர் சோற்றுக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"சொதிக்குப் புளி காணாது. இன்னும் கொஞ்சம் விடும்."

மகள் போய் அவருடைய கோட்டை மோந்து பார்த்தாள். மிச்ச மூன்றையும் வெட்டி, சொட்டு விடாமல் சொதிக்குள் பிழிந்தாள்.

"இன்னும் எத்தினை புது ட்ராம் வர இருக்குது தெரியுமே? வீட்டிலை இனித் தேசிக்காய் வைச்சிருக்க ஏலாது."

வாயில் வைக்கமுடியாத புளிப்பு. மூன்று பேரும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டோம்.