சுருதி கொடுக்கிறவர்

பாட்டுக்கான மைக் மைதானத்துக்குள் வந்ததும் வெர்லின் ஹான்கே எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கையில் சாசேஜ் வைத்த பன் இருக்கும். பாடுகிறவர் பாடி முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருப்பது அரங்கத்தின் கழிப்பறைச் சுவரைத்தான். "உக்காருய்யா, மறைக்குது" என்று பின்வரிசையில் யாராவது கத்தினால், "நான் டிரம் கார்ப்ஸ் பாக்க வந்தவன், ஊதறதையும் முரசையும் கேக்க. உங்க கச்சேரி முடிஞ்சா சொல்லி அனுப்புங்க" என்பார். மைக் போனதும் திரும்பி உட்காருவார். அடுத்த நிமிடம் எண்பது பித்தளை வாத்தியங்கள் ஒரே மூச்சில் எழும்பும்போது இந்த மனிதர் அழுவார். ஐம்பத்து நான்கு வருடமாக இதே அழுகை. கண்ணைத் துடைப்பதும் கிடையாது.

வயது அறுபத்தெட்டு. அமெரிக்காவில் ரேசின் நகராட்சியின் பனி தள்ளும் லாரியை முப்பத்தாறு குளிர்காலம் ஓட்டியவர். நேரத்தை மூச்சால்தான் அளப்பார். "ஆறாவது தெரு சிக்னலா? சின்னதா ரெண்டு மூச்சு." முட்டை வேகவும் ஒரு மூச்சுக் கணக்கு வைத்திருக்கிறார். நுரையீரலைச் சோதிக்க ஊதச் சொன்ன மருத்துவமனைக் கருவியில் அவர் ஊதியதும் முள் எல்லையைத் தாண்டியதைப் பார்த்து, அங்கிருந்த பெண் இன்னொரு கருவியைக் கொண்டுவந்தாராம். அதிலும் அதே கதைதான்.

பதினான்கு வயதில் லேக்‌ஷோர் லான்டர்ன்ஸ் குழுவில் சேர்ந்த அன்றே அவர் தோளில் பெரிய பியூகிள் என்ற ஊதுகொம்பை ஏற்றிவிட்டார்கள். முப்பத்தைந்து பவுண்டு பித்தளை. அதன் அடிநாதம் காதுக்கு வருவதற்கு முன்னால் செருப்பு வழியாக ஏறும். அதை முதன்முதலாக உணர்ந்த கதையை வெர்லின் எத்தனை முறை சொன்னாலும் சொல்லி முடித்ததில்லை. "கால்ல இருந்து வந்துச்சு... அப்படியே..." என்று முழங்கால்வரை கையைக் கொண்டுவருவார்.

அந்தக் காலத்தில் பியூகிளும் முரசும் மட்டும்தான். இன்றைய லான்டர்ன்ஸ் பிள்ளைகளிடம் வேறு சுருதி வாத்தியங்கள், கீபோர்டு, ஆளுயர ஸ்பீக்கர், இந்த வருடம் புதிதாக இரண்டு டிராம்போன். இதனால் பழைய உறுப்பினர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஊதினால்தான் சத்தம் என்கிறவர்கள் வாய்க்கட்சி. எதிலிருந்து வந்தால் என்ன, சத்தம் சத்தம்தான் என்கிறவர்கள் ஒயர்க்கட்சி. வெள்ளிக்கிழமை மீன் விருந்தில்கூடத் தனித்தனி மேசை. உருளைக்கிழங்கு அப்பம் தீர்ந்துபோனால் மட்டும் எல்லை திறக்கும்.

வாய்க்கட்சிக்குத் தலைவர் வெர்லின் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் கோடையில் லான்டர்ன்ஸின் சாமான் லாரியை ஓட்டுகிறவரும் அவரே. அந்த கீபோர்டுகளைத் தம் வீட்டு மெத்தை விரிப்பில் சுற்றி, இரட்டைப் பட்டை போட்டுக் கட்டுவார். கேலி செய்தால் கோபம் வரும். "பிடிக்கலங்கறது வேற, உடைஞ்சு போகட்டும்ங்கறது வேற. ரெண்டும் ஒண்ணுன்னா நான் மனுசனே இல்ல."

பழையவர்களுக்கென்று தனிக் குழு ஒன்று உண்டு. அறுபது பேர். பழைய பியூகிள் தவிர வேறெதற்கும் இடமில்லை என்ற விதியை இருபத்தோரு வருடம் முன்பு முன்மொழிந்தவர் வெர்லின். ஜூலை மாதம் உள்ளூர் அரங்கில் போட்டி முடிந்ததும் இந்த அறுபது பேரும் மைதானத்தில் இறங்கி, வில் வளைவாக நின்று குழுப் பாடலை வாசிப்பார்கள். வருடம் முழுக்க அவர்கள் காத்திருப்பது அந்த நான்கு நிமிடத்துக்குத்தான்.

வளைவில் வெர்லினுக்கு இடப்பக்கம் நிற்கிறவர் ஆர்டிஸ் கோல்பெக். பெரிய பியூகிள் வரிசையில் சேர்ந்த முதல் பெண். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு காலையில் எழுந்தபோது முகத்தின் இடப்பாதி அசையவில்லை. கை கால் எல்லாம் சுகம். உதடு மட்டும் திரும்பவில்லை. உதடு கூடாமல் பியூகிள் ஊத முடியாது.

வரிசையில் ஒருவர் வராவிட்டால் அவருடைய இரண்டு அடி இடத்தைக் காலியாகவே விட்டு நிற்பது இவர்கள் வழக்கம். வழக்கமாக அது ஒருநாள், இரண்டு நாள் சமாசாரம். வெர்லின் இரண்டு வருடம் காத்தார். யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டால் பியூகிளாலேயே இடித்துத் தள்ளுவார். "அங்க ஆள் இருக்கு." பயிற்சி இடத்தின் வெறும் தார்த்தரையைக் காட்டித்தான் சொல்வார்.

மார்ச் மாதக் கூட்டத்தில் சங்கத் தலைவர் டுவைட் பாவ்லாக் எழுந்து, அந்த இடத்தில் கீபோர்டு வைத்து ஆர்டிஸை உட்காரவைக்கலாம் என்றார். ஆர்டிஸ் முப்பது வருடமாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். விரலுக்குக் குறைவில்லை.

வெர்லின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஆர்டிஸ் வரணும்னு என்னைவிட ஆசப்பட்டவன் இந்த ரூம்ல எவன் இருக்கான்? ஆனா ஸ்விட்சப் போட்டா வர்றது மூச்சு இல்ல. மூச்சு இல்லாத சத்தம் எனக்குப் பொய். அவ பொய்யா அங்க நிக்க வேணாம்."

ஆர்டிஸ் எழுந்திருக்கவில்லை. பாதி வாயால்தான் பேசினார்.

"வெர்லின், எனக்கு மூச்சு இருக்குய்யா. ஒதடுதான் இல்ல. நீ எனக்கு எடம் புடிச்சு வச்சிருக்க, சந்தோசம். ஆனா அந்த எடத்த நான் பார்வையாளர் பக்கத்துல உக்காந்து ரெண்டு வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன். காலியா இருக்கறது நல்லா தெரியுது."

முப்பத்து நான்குக்கு இருபத்தைந்து என்று தீர்மானம் நிறைவேறியது. ஆர்டிஸ் வாக்களிக்கவில்லை. எதிர்த்துத் தூக்கிய கையை வெர்லின் எண்ணி முடிக்கும்வரை இறக்கவில்லை. அடுத்த மூன்று பயிற்சிக்கும் அவர் வரவும் இல்லை. அடிநாதம் இல்லாமல் வாசித்த வளைவு, கால் உடைந்த மேசைபோல் ஆடியது என்று வாய்க்கட்சியும் ஒயர்க்கட்சியும் ஒரு வருடத்தில் முதன்முறையாக ஒத்துப்போனார்கள்.

ஒருநாள் லாரியில் சாமான் ஏற்றும்போது டுவைட் வந்து நின்றார்.

"நீ வரலன்னா உன் எடத்துல வேற ஆளப் போடலாம்னு பாத்தேன். ஆர்டிஸ் விட மாட்டேங்கறா. 'அங்க ஆள் இருக்கு'ன்னு என்னையே வெரட்டறா. நீ வரலன்னா தானும் மைதானத்துல எறங்க மாட்டாளாம்."

"நான் கேட்டனா?" என்றார் வெர்லின். கீபோர்டின் பட்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

ஜூலைப் போட்டியன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மாலை ஏழு மணிக்குப் பழையவர்கள் மைதானத்தில் இறங்கி வளைந்து நின்றபோது, வெர்லின் தோளில் பியூகிளோடு வந்து தம் இடத்தில் நின்றார். இடப்பக்கம் பார்க்கவில்லை. அங்கே ஆர்டிஸ் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

வாசிப்பதற்கு முன்னால் பெரிய பியூகிள் ஒரு நீண்ட அடிநாதம் கொடுக்கும். மற்ற எல்லோரும் அதற்குத்தான் சுருதி சேர்ப்பார்கள். குழு தொடங்கிய நாளிலிருந்து அந்த நாதம் வெர்லினுடையது. வெயிலில் காய்ந்த பித்தளை சுருதி ஏறும். எல்லோருடையதும் சேர்ந்து ஏறினால் கேட்கிறவருக்குத் தெரியாது. கீபோர்டுக்கு வெயில் ஏது? வெர்லின் ஊதினார். ஆர்டிஸ் அதே நாதத்தை அழுத்தினார். இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வவ்வவ்வென்று அதிர்ந்தன. வளைவில் இருந்த அத்தனை பேர் முகமும் சுருங்கியது. வாய்க்கட்சிக்காரர் ஒருவர் சத்தமாகவே பெருமூச்சு விட்டார்.

"இரு, இதுல ஒரு பட்டன் இருக்கு. உன் சுருதிக்கு ஏத்திடறேன்" என்று ஆர்டிஸ் கையை நீட்டினார்.

"கைய எடு."

ஆர்டிஸ் எடுத்துவிட்டார்.

வெர்லின் அந்த முப்பத்தைந்து பவுண்டையும் தோளிலிருந்து இறக்கி, குழந்தையைப்போல் இடுப்பில் இடுக்கிக்கொண்டார். சுருதிக்குழாயைப் பிடித்து ஒரு விரல் அகலம் வெளியே இழுத்து, சுருதியைத் தணித்தார். மறுபடி தோளில் ஏற்றினார்.

"அழுத்து."

ஆர்டிஸ் அழுத்தினார். வெர்லின் ஊதினார். அதிர்வு குறைந்தது. இறக்கி, இன்னும் கொஞ்சம் இழுத்தார். இந்த முறை இரண்டு நாதமும் தொட்டன, நின்றன, எது எதிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாமல் போயின. புல்தரை வழியாக அது கிளம்பி அறுபது பேர் கால்களிலும் ஏறியது. மேலே கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஏனென்று தெரியாமலே பேச்சை நிறுத்தினார்கள். வெர்லின் தம் மூச்சு தீரும்வரை ஊதினார். தீர்ந்த பிறகும் ஆர்டிஸின் நாதம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வெர்லின் கண்ணை மூடிக் காலால் அதைக் கேட்டார்.

சுருதிக்காக அத்தனை கண்களும் வழக்கம்போல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வெர்லின் வாயிலிருந்து பியூகிளை எடுத்துவிட்டு, கையை நீட்டி, ஆர்டிஸைக் காட்டினார்.