அக்காவின் பிளேயர் பேசாமல் போன நாள்

சர்க்கரை வியாதியில் பார்வை போன பிறகு அக்கா சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டோடு வந்துவிட்டாள். பிரான்சில் இருக்கும் அவள் மகள், போன முறை ஊருக்கு வந்தபோது தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயர் கொண்டுவந்து, பழைய பாட்டுகளோடு தன் பேச்சையும் பதிந்து கொடுத்துவிட்டுப் போனாள். அங்கே கொட்டும் பனி, பிள்ளைகளின் சண்டை, அடிப்பிடித்த சாம்பார் என்று அவள் பேசியதை அக்கா தினமும் கேட்பாள். கேட்டதையே கேட்டுச் சிரிப்பாள்.

ஒரு நாள் காலை அது வாயே திறக்கவில்லை.

"சார்ஜ் இல்லக்கா," என்று சொருகினேன். ஒரு மணி நேரம் ஆகியும் விளக்கு எரியவில்லை. ஒயரை மாற்றினேன், எரிந்தது. ஆனால் பாட்டு ஒரு காதில் மட்டும்தான் வந்தது. இயர்போன் சொருகும் ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தது. பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுத்தேன். அப்பாடா என்று உட்கார்ந்தால், பாட்டு பாதியில் நின்றது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை, அணைக்கவும் முடியவில்லை.

"என்னடா பண்ண? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு."

"நானா பண்ணேன்?" என்று கத்திவிட்டேன். அக்கா இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரில் இணைத்தேன். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. இருந்த எரிச்சலில் 'சரி' மேல் விரல் போய்விட்டது. அமுக்கினால் அத்தனையும் அழிந்துவிடும் என்பது கடைசி நொடியில்தான் உறைத்தது. ஒயரைப் பிடுங்கினேன்.

பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருந்த செல்போன் ரிப்பேர் கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இதெல்லாம் இப்ப யாரு சார் வச்சிருக்கா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க."

"இதுல எங்கக்கா பொண்ணு பேசினது இருக்குங்க. வேற காப்பி இல்ல."

"பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், குத்திப் பாருங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்து குண்டூசியால் குத்தினேன். திரை பளிச்சென்று எரிந்தது. ஆனால் முழுக்கச் சீன எழுத்து! மத்தியானம் முழுக்க அந்தக் கட்டங்களோடு மல்லுக்கட்டினேன். எதை அமுக்கினாலும் வேறொரு சீனப் பக்கம்.

"இப்படிக் குடு," என்றாள் அக்கா. வாங்கி, கீழ் பட்டனை ரெண்டு தடவை, நடுப் பட்டனை ஒரு தடவை அமுக்கினாள். இயர்போனில் மெல்லிசாக மகளின் குரல். திரையில் எந்த மொழி இருந்தால் அவளுக்கென்ன?

அவள் ஆசை தீரக் கேட்கட்டும் என்று காத்திருந்து, மறுபடி கம்ப்யூட்டரில் இணைத்தேன். இந்த முறை அது எதுவும் கேட்கவில்லை. முதல் வேலையாக எல்லாப் பேச்சையும் காப்பி எடுத்து வைத்தேன். பிளேயரை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பிறகுதான் நிம்மதியாகக் காப்பி குடிக்க உட்கார்ந்தேன்.

"சத்தம் ரொம்பக் கம்மியா இருக்குடா," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "கொஞ்சம் என்னன்னு பாரு."